மச்சான் கொடுத்த காபியும் ஓடாத ரம்பமும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் வுகாஷின் அவர்களுக்கு,

உங்கள் அக்கா தெசாங்காவின் கணவன் லுபிசாவ், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் பசுக்களும் பிளம் மரங்களும் சௌக்கியம் என்று அறிந்தேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

தேய்ந்த மூட்டை அறுத்தெடுத்துப் புது மூட்டு வைக்க இரண்டு வருடமாக வரிசையில் கிடந்தேன். இலையுதிர்காலத்தில் மகள் யாஸ்னாவுக்குக் கல்யாணம். கோலோ நடன வட்டத்தில் அப்பன் முதல் ஆளாக நின்று ஆட வேண்டும் என்பது அவள் ஆசை. இதெல்லாம் தெரிந்திருந்தும், "செர்பியாவுல எவனாச்சும் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கைய வீசிட்டுப் போவானா அத்தான்?" என்று ஒரு பை காபித்தூளை என் கையில் திணித்தீர்களே, நன்றாக இருங்கள்! அதை நர்ஸ் ஸ்லாவிட்சாவிடம் கொடுத்தேன். சாயங்காலமே காபி கொதித்தது, மணத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரும் வந்துவிட்டார். மறுநாள் காலை முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நான் படுத்திருக்க, கத்தி வைப்பதற்கு முன் டாக்டர் எலும்பு அறுக்கும் ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். 'ர்ர்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். வேறு பேட்டரி போட்டார். அது முனகக்கூட இல்லை.

"சார்ஜரப் பிடுங்குனது யாரு?"

"கரண்ட் அடுப்பு வைக்க வேற பிளக் இல்லையே டாக்டர்" என்றாள் ஸ்லாவிட்சா.

"அதுக்கு? காபி போட ரம்பத்தப் பிடுங்குவியா?"

"ரெண்டாவது கப் கேட்டது யாராம்?"

டாக்டர் மேற்கூரையைப் பார்த்தார். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வேறு வழியில்லை. அறுக்காத காலோடு என்னைத் தள்ளிக்கொண்டு வந்து, "இனிமே குளிர்காலத்துலதான் இடம்" என்றார்கள். யாஸ்னாவை நினைத்து அழுகையே வந்துவிட்டது. உங்கள் அக்காவோ, "கால் ஒரு நாள் மரத்ததுக்கா இந்தக் கூப்பாடு? உங்க காது கல்யாணத்தன்னைக்கே மரத்துப்போச்சே!" என்கிறாள்.

இனி என் கையால் இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சிட்டிகைக் காபித்தூள் போகாது. உங்கள் யோசனை கேட்பதையும் இன்றோடு தலைமுழுகினேன். உங்கள் மனைவிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
லுபிசாவ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஸ்லாவிட்சா ஓடி வந்தாள். அடுத்த வாரம் யாரோ வரவில்லையாம், அந்த இடம் எனக்காம். "டாக்டரே எழுதிட்டாரு மாமா. ஆனா அந்தக் காபிதான் தீந்துபோச்சு…" என்று இழுத்தாள். மச்சான், தாமதிக்காமல் இரண்டு பை அனுப்புங்கள். யாஸ்னாவிடம் அப்பன் ஆடுவான் என்று சொல்லுங்கள். காபியோடு, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், நல்ல நீள ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் அனுப்புங்கள்.