பேங்க் கடிதமும் நெற்றிக்கண்ணும்

ரிங்லெட் டவுனில், கோழிக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையானால் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுச் சனமே அந்த மாடிப்படியில்தான் நிற்கும். மேலே வீற்றிருந்தவர் வண்டிக்கட்டு சாமியார். தவணை நின்றுபோன காரை, லோரியை, பேங்க் ஆள் இழுத்துப் போகாதபடி மந்திரத்தால் கட்டிப்போடுவாராம். கேட்டீர்களா கூத்தை!

பேங்க் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுவர வேண்டும். பிரித்தால் பலிக்காது. சாமியார் அதைப் பிரித்து, நெற்றிக்கண்ணால் பார்த்து, "இத்தனை நாள் வண்டியை எவனும் தொடமாட்டான்" என்று சொல்லிவிட்டு ஹோமத்தில் போடுவார். காணிக்கை? பேங்குக்கு எவ்வளவு பாக்கியோ, அதே தொகை. அம்பாளின் கணக்கு அவ்வளவு சுத்தம்!

ரெங்கசாமியின் லோரிக்குப் பதினெட்டு நாள் என்றார். பத்தொன்பதாம் நாள் லோரி போயே போய்விட்டது. லைன் என்ன சொன்னது தெரியுமா? "பாத்தியா, நாள் தப்பல லா! சாமின்னா சாமிதான்!"

தங்கையாவும் அதைத்தான் சொன்னான். பகலில் தேயிலை வெட்டு, மாலையில் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றும் வேன். வேன் போனால் அடுப்பில் பூனை தூங்கும். ஆகவே பேங்க் கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகிவைத்தான். கடிதம் வந்துவிட்டால் பேங்க் இனிக் காசு வாங்காது என்பது லைன் முழுக்கப் பரவியிருந்த ஞானம். சீட்டு எடுத்த பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மனைவி குமுதாவுடன் மாடி ஏறினான்.

கியா பார்மில் நாலு மொழி பேசி ஸ்ட்ராபெரி விற்பவள் குமுதா. அன்று வாயே திறக்கவில்லை. அதுவே தங்கையாவுக்குப் பயமாக இருந்தது. போன லோரியைத் திரும்ப வரவழைக்கும் பூசைக்காக ரெங்கசாமியும் மனைவி வடிவம்மாளும் முன்வரிசையில் இருந்தார்கள். குமுதா ஒரு மடித்த சீட்டை வடிவம்மாள் கையில் திணித்தாள்.

"அக்கா, நான் சொல்றப்ப பிரிங்க."

சாமியார் கடிதத்தைப் பிரித்தார். நெற்றிக்கண் திறப்பதாகச் சொல்லிக் கண்ணை மூடினார். கீழே இருந்த இரண்டில் ஒன்று லேசாகத் திறந்தே இருந்தது.

"பதினாறு நாள்!" என்று முழங்கினார். "அதுவரைக்கும் உன் வேனை எமனும் தொடமாட்டான்!"

"அக்கா, பிரிங்க" என்றாள் குமுதா.

வடிவம்மாள் பிரித்தாள். "பதினாறுன்னு எழுதிருக்கு புள்ள!"

கூட்டம் வாயைப் பிளந்தது. சாமியார் நெருப்புப் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் குமுதா கடிதத்தைப் பிடுங்கிவிட்டாள்.

"உனக்கும் அருள் வந்துருக்காடி?" என்று திகைத்தான் தங்கையா.

"அருளும் இல்ல, மருளும் இல்ல. பிரிச்சுப் படிச்சேன், சோத்துப் பருக்க வச்சு ஒட்டிட்டேன். பிரிச்சா பலிக்காதாம்ல? பலிச்சிருச்சே! கேளுங்க. இருபத்தொரு நாளுக்குள்ள பாக்கியக் கட்டினா வண்டி நம்மளுது. அதுவரைக்கும் எவனும் இழுக்கக் கூடாது. இது அம்பாள் சொன்னதில்ல, சட்டம் சொன்னது. கடிதம் போட்டு அஞ்சு நாள் ஆச்சு. மிச்சம் எத்தனை?"

கழித்தல் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவே.

"அத நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றான் தங்கையா.

"சொன்னேனே. இன்னும் காசு கட்டலாம்னு பேங்க்ல கேட்டுட்டு வந்து சொன்னப்ப, பேங்க்காரன் பொய் சொல்லுவான்னு நீங்கதான சண்டைக்கு வந்தீங்க?"

ரெங்கசாமி மெல்ல எழுந்தார். "அப்ப எனக்குப் பதினெட்டு நாள் இருந்துச்சு. ஒங்ககிட்ட குடுத்த காச பேங்க்ல குடுத்திருந்தா... என் லோரி என் வாசல்லயே நின்னிருக்கும்!"

"மூடர்களே! மந்திரத்தை நிந்தித்தால்..." என்று சாமியார் எழுந்தார்.

"இருங்க சாமி" என்றாள் குமுதா. "கீழ பளபளன்னு நிக்குதே ஒங்க புதுக் கார், அதுக்கு என்ன கட்டு போட்டீங்க?" மணி ஆட்டிக்கொண்டிருந்த சிஷ்யன் தினேஸ்வரனைப் பார்த்தாள். "தம்பி, நேத்து தானா ராத்தா டவுன் பேங்க்ல எனக்கு முன்னாடி நின்னியே, எதுக்கு?"

தினேஸ்வரன் வெள்ளந்தி. "சாமி கார் தவணை கட்ட, அக்கா. ஒரு நாள் பிந்தினாலும் சாமி திட்டுவாரு."

மணி நின்றது. சாமியாரின் மூன்று கண்களும் வாசலைத் தேடின. வாசலில் ரெங்கசாமி நின்றுகொண்டிருந்தார். வாங்கிய காணிக்கையை எண்ணி வைக்கும்வரை அவர் நகரவில்லை. பணம் திரும்பியது. லோரி திரும்பவில்லை. அதற்குள் அது ஏலத்தில் போயிருந்தது.

தங்கையா அன்று மதியமே பேங்குக்கு ஓடினான். பேங்க் அவன் காசை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. மாலையில் வேன் வழக்கம்போல முட்டைக்கோஸ் ஏற்றப் போனது.

நம் லைன் வீடுகளில் சாமிப் படங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை கடிதம் பிரிக்காமல் கிடக்கிறதோ! ஐயா, அம்மா, உங்கள் முகத்தில் இரண்டு கண் ஓசியில் கிடக்கிறது. அதை மூடிக்கொண்டு அடுத்தவன் நெற்றிக்கண்ணுக்கு வாடகை கட்டுவானேன்?