சுறாவுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆகையால் எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உலகத்தில் எத்தனையோ கடற்கரைகள் இருக்கலாம். சுறாவுக்குப் பிரசவம் பார்க்க ஆள் வைத்திருந்த கடற்கரை, முல்லைத்தீவுப் பக்கம் எங்களுடையது ஒன்றுதான். அந்த ஆளுக்கு ‘மருத்துவிச்சி’ என்று பெயர். யாரோ ஒரு அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். ஆறடி உயரம், காதுவரை ஓடிய மீசை, முழங்கைவரை மீன்செதில். கரைக்கு வரும் பெரிய மீன்களை வெட்டிக் கூறு போடுவது தொழில். தாய் தகப்பன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

எங்கள் கடலில் வரும் சுறாக்களில் கனக்க இனம் குட்டி போடுபவை. பெரிய வயிற்றோடு ஒன்று கரையில் விழுந்தால் போதும், அவர் பாதி வெட்டிய மீனையும் வாங்க வந்த சனத்தையும் போட்டுவிட்டு ஓடுவார்.

“பிள்ளைத்தாச்சி! பிள்ளைத்தாச்சி! விலகுங்கோ, காத்துப் பிடிக்கட்டும்!”

காற்றுப் பிடித்தால் செத்த சுறாவுக்கு என்ன வரப்போகிறது என்று கேட்க ஒருவருக்கும் துணிவு இல்லை. அவர் கத்தியைப் பக்கத்தில் நிற்பவரின் பிளேன்டித் தேநீரில் கழுவுவார். பிளேன்டிக்காரர் கத்துவார். வயிற்றை மெல்லக் கீறி, உயிரோடு துடிக்கும் குட்டிகளின் தொப்புள்கொடியை அறுத்து, இடுப்பில் கட்டிய சாரத்தை மடித்துத் தொட்டில் மாதிரிக் கட்டி, அதில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கடலுக்கு ஓடுவார். சாரத்தைத் தூக்கினால் மானம் போகும், இறக்கினால் குட்டி விழும். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே பக்கத்துக் கரையிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒருநாள் ஒரு குட்டி தொடையில் கடித்துவிட்டது. “நல்ல பல்லு! இது தப்பும்!” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

அவருடைய மனைவியைப் பெரியக்கா என்போம். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்வார்: “எனக்கு மூண்டு பிறந்தது. இந்த மனுசன் ஒருக்காலெண்டாலும் இப்பிடி ஓடி வந்ததோ, கேளுங்கோ.”

2002இல் சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. புளியங்குளம் சோதனைச்சாவடி தாண்டி வான் வண்டிகள் வரத் தொடங்கின. ஒரு வானில் கொழும்பு முதலாளி ஒருவர் வந்து இறங்கினார். அவருக்குச் சுறா வேண்டாம், சுறாச் செட்டை மட்டும் போதும். வெளிநாட்டில் அதில் சூப் வைப்பார்களாம். அதுவரை ஒரு சுறா வந்தால் அது ஊருக்கே கறி, பிள்ளை பெற்றவளுக்கு உதிர்த்து வதக்கிய வறை, மிச்சம் கருவாடு. முதலாளி சொன்ன விலைக்குப் பிறகு படகுகள் நடுக்கடலிலேயே செட்டையை அறுத்துக்கொண்டு, படகில் இடம் பிடிக்கிறது என்று உடம்பைத் தள்ளிவிட்டன. சுறாவுக்கென்றே தூண்டில் போட்டார்கள்.

நல்ல கத்திக்காரன் என்று கேள்விப்பட்டு முதலாளி மருத்துவிச்சியிடமும் வந்தார்.

“செட்டையை மட்டும் சுத்தமா அறுத்துத் தாங்க. நல்ல சம்பளம்.”

“செட்டை இல்லாமல் அது என்னண்டு ஐயா நீந்தும்?”

“அது எப்படியாவது போகும்.”

“அப்ப சரி. ஐயான்ர கை ரெண்டையும் நான் பின்னாலை கட்டிவிடுறன். அந்தா, அந்த அலைவரைக்கும் ஒருக்கா நீந்திக் காட்டுங்கோ. காட்டினால் நாளைக்கே வேலைக்கு வாறன்.”

சொன்னதோடு நில்லாமல் கயிற்றையும் எடுத்துவிட்டார். முதலாளி வானுக்கு ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு எங்கள் ஊரில் தங்கிவிட்டது.

ஆனாலும் வான் வருவது நிற்கவில்லை. செட்டை இல்லாத உடம்புகள் கரையில் ஒதுங்கின. சிலது வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடக்கும். மருத்துவிச்சி அது அடங்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்து, பிறகு மணலில் குழி வெட்டிப் புதைப்பார். “மருத்துவிச்சி இப்ப சவக்காலையும் தொடங்கிட்டார்” என்று ஊர் சிரித்தது.

ஒருநாள் மீனவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார். “குட்டியோடை வாறதைக் கடலிலையே விடுங்கோ. செட்டைக்கெண்டு அறுக்காதேங்கோ. வேறையொண்டும் கேக்கேல்லை.”

தலைவர் கேட்டார்: “நீர் விடுற குட்டியளுக்குப் பேரும் வைக்கிறனீரோ?”

“ஓம். எல்லாத்துக்கும் ஒரே பேர்தான்.”

“என்ன பேர்?”

“பிழைச்சுப்போ.”

சிரிப்பில் ஒருவர் இருந்த கதிரை உடைந்தது. தீர்மானம் ஒன்றும் எடுக்கவில்லை.

2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. மருத்துவிச்சி அன்று கடலுக்குத் தூரமான உருத்திரபுரத்தில் ஒரு கலியாண வீட்டில் நின்றார். பெரியக்கா கரையில் இருந்தார். உடல் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் சிலர் போனார்கள். அதை எழுத இந்தக் கை உதவாது.

பிறகு ஒரு கதை பரவியது, போனவர்களைச் சுறா தின்றது என்று. ஊர் மீன் தின்பதை விட்டது. இளந்தாரிகள் சுறாவைப் பழிவாங்கக் கடலுக்குப் போனார்கள். செட்டை முதலாளிக்கு அது வாய்ப்பாகப் போய்விட்டது. கொண்டுவந்த ஒவ்வொரு சுறாவையும் மருத்துவிச்சியிடம் போட்டு, “இரைப்பையைக் கீறு அண்ணை” என்றார்கள். ஒரு வளையல், ஒரு தோடு இருக்குமோ என்று சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் கீறி எல்லோருக்கும் காட்டுவார். நண்டு. கணவாய். சின்ன மீன். எந்தச் சுறாவிலும் வேறொன்றும் இருக்கவில்லை. கடல் பக்கம் திரும்பமாட்டார். கால் நனைய அலை வந்தால் எழுந்து தள்ளிப் போய் இருந்து வெட்டுவார்.

இப்போது அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. கடைசி இடப்பெயர்வில் சனத்துக்குள் பிரிந்துவிட்டோம். வவுனியா முகாமுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ‘பெரிய மீசை வைத்த ஆள்’ என்று கேட்கிறேன். அவரை மருத்துவிச்சி என்று சொன்னால் பெண்களைக் காட்டுகிறார்கள். இதை வாசிக்கிற யாராவது அவரை அடையாளம் காணட்டும் என்று, சுனாமிக்குப் பிறகு முதல் பிள்ளைத்தாச்சிச் சுறா வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் கரையில் சிலர் வயிற்றோடு வந்ததைக் கடலிலேயே விட்டார்கள். எல்லோரும் இல்லை. செட்டை வானும், மறுபடி சண்டை வந்து பாதை மூடும்வரை, வந்துகொண்டுதான் இருந்தது.

அன்று அந்தச் சுறாவைக் கொண்டுவந்தவன் தாயையும் தங்கச்சியையும் இழந்த ஒரு இளந்தாரி. மருத்துவிச்சி வயிற்றைக் கீறினார். குட்டிகள் துடித்தன.

“அண்ணை, குட்டியளையும் வெட்டு,” என்றான் அவன். “பெரியக்காவை நினைச்சு வெட்டு.”

மருத்துவிச்சி கத்தியைப் பார்த்தார். பிறகு கொடிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். சாரத்தை மடித்தார். இரண்டு தரம் கட்டியும் முடிச்சு விழவில்லை. நான் கிட்டப் போய் என் பனையோலைக் கடகத்தை நீட்டினேன். குட்டிகளை அதில் போட்டார்.

“வாறியோ?” என்றார்.

தலையாட்டினேன். அவர் ஓடவில்லை. தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொன்றாக விட்டார். கடைசிக் குட்டி அவர் காலைச் சுற்றிவிட்டுப் போனது. அவர் திரும்பவில்லை. பக்கத்து அறையில் இருக்கிற பெரியக்காவோடு பேசுவதுபோல, ஆழ்கடலைப் பார்த்துச் சொன்னார்:

“இஞ்சரப்பா... எல்லாரும் சுகம்.”

கரைவரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வவுனியா,
2009 கார்த்திகை 18