பெட்டி வாங்கிய மாமனார்

கலையார்வம் கொஞ்சமாக இருக்கும்வரை யாருக்கும் ஆபத்தில்லை. எனக்கோ அது ஏகத்துக்கு இருப்பதாக நானே முடிவு கட்டியிருந்தேன். அதில்தான் என் நிச்சயதார்த்தமே நின்றுபோகப் பார்த்தது.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வேலை ஐடியில். லீவு நாளில் மொபைலில் வீடியோ பார்த்து அலங்கார மரப்பெட்டி செய்வேன். (முதல் பெட்டி மூடாது. இரண்டாவது மூடியது, அப்புறம் திறக்கவே இல்லை.) எனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும், "நிச்சயத் தாம்பூலத்தை நான் செய்த பெட்டியில வச்சு, நானே மாமா கையில கொடுப்பேன்" என்று வீட்டில் அறிவித்தேன்.

"ஏட்டி, ஊர்ல தட்டே கிடைக்கலியா?" என்றாள் திருநெல்வேலிக்காரியான என் அம்மா. யார் கேட்டது?

பெட்டி தயார். மூடியில் செதுக்க டிசைன்தான் சிக்கவில்லை. மாமனாராகப் போகிற சிகாமணி மாமா திருவேற்காட்டில் வார்டு தேர்தலுக்குச் சுயேச்சையாக நின்று தோற்றவர். "எந்தக் கட்சிச் சின்னமும் அப்பா கண்ணுல படக்கூடாது. பார்த்துக்கோ" என்று மாப்பிள்ளை சரவணன் முன்கூட்டியே எச்சரித்திருந்தான்.

சுலபமாகச் சொல்லிவிட்டான். நம்மூரில் கட்சிகள் மிச்சம் வைத்த டிசைன் ஏது? தாமரை போட்டால் கட்சி. சூரியன் போட்டால் கட்சி. புடவை பார்டரில் காலகாலமாக வரும் மாங்காய்கூடக் கிட்டத்தட்டக் கட்சி. இரண்டு இலை கூடாதே என்று மூன்று இலை வரைந்தேன். "ஒண்ணு உதுந்தா ரெண்டுதானட்டி?" என்றாள் அம்மா. சரி, மயில் செதுக்குவோம் என்று உட்கார்ந்தேன். அது அடைகாக்கிற கோழியாக வந்து சேர்ந்தது.

வெறுத்துப்போய் ஒருநாள் பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். திருவேற்காட்டுப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ ஒரு சந்துக்குள் புகுந்து, அங்கேயும் மாட்டிக்கொண்டது. எதிரே வெள்ளையடித்த ஒரு சுவர். அதில் திராட்சைக் கொத்து! சுருண்ட கொடி, குண்டு குண்டாகப் பழம், ஓரத்தில் மடங்கிய ஒரு இலை. ஆகா, எந்தப் புண்ணியவான் வரைந்தானோ! பழைய ஜூஸ் கடை விளம்பரம்போல என்று நினைத்து, போட்டோ எடுத்துக்கொண்டேன். அதை அப்படியே, மடங்கிய இலை உட்பட, மூடியில் செதுக்கினேன். உளி பட்டுக் கட்டைவிரலில் கட்டு. ஆனால் மனசுக்குள் அப்படியொரு திமிர்!

நிச்சயத்தன்று மண்டபத்தில் பெட்டியை ஏந்திக்கொண்டு மாமா எதிரே போய் நின்றேன். கை நீட்டியவர் மூடியைப் பார்த்தார். நீட்டிய கை பாதியில் நின்றது.

மாமாவின் மச்சான் பின்னாலிருந்து கத்தினார்: "மாமே, கடைசில பொட்டி வந்துட்ச்சி பார்!"

ஒரே சிரிப்பு. மாமா முகம் சிவந்துவிட்டது. நான் திருதிருவென்று விழிக்க, சரவணன் காதோடு சொன்னான்: "அடிப்பாவி! திராட்சை, எங்கப்பாவைத் தோக்கடிச்ச இன்னொரு சுயேச்சையோட சின்னம். அவன்கிட்ட பொட்டி நிறையப் பணம் வாங்கிக்கினு அப்பா வேணும்னே தோத்தார்னு ஊரே பேசிச்சு."

கட்சிச் சின்னத்தையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தவள், சுயேச்சைச் சின்னத்தில் போய் விழுந்திருக்கிறேன்! போச்சு, கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். அப்பா வேர்வையைத் துடைத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் "அன்னைக்கே தட்டுன்னு சொன்னேன்லா" என்று எழுதியிருந்தது.

"எங்கம்மா புட்ச்ச இத்தை?" என்றார் மாமா.

"திருவேற்காட்டுல ஒரு சுவத்துல மாமா... சந்துக்குள்ள. பக்கத்துல தண்ணி டேங்க், நீலக் கதவு..."

"நீலக் கதவா? அது நம்ம ஊட்டு பின்பக்கச் செவுரும்மா! எலக்சன் அப்ப எனக்குத் தெரியாம என் செவுத்துலயே வரைஞ்சிட்டுப் பூட்டான் அவன்!"

(கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியேறக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். வாசலைப் பார்த்திருந்தால் அல்லவா பின்சுவர் தெரியும்?)

அதுவரை சும்மா இருந்த அத்தை, அதாவது மாமாவின் மனைவி, எழுந்தார். "ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடி, ரெண்டு கோட்டு அடின்னு நான் அன்னிக்கே தலபாடா அட்ச்சிக்கினேன். ஒண்ணே போதும்னு சொன்னது யாரு? எழுத்து மறைஞ்சிச்சி, திராட்ச மறைல. இப்ப அந்தப் பொண்ண மொறைச்சா?"

இப்போது மண்டபமே சிரித்தது. மாமா கொஞ்ச நேரம் அத்தையை முறைத்தார், பெட்டியை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"குடும்மா. வாங்காமயே வாங்கினான்னு பேர் கெட்டுப்பூட்ச்சி. இத்தினி பேர் முன்னாடி இப்ப வாங்கிக்கிறேன். எவன் இன்னா சொல்றான் பாக்கலாம்!"

வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பெட்டியில்தான் இன்று மாமாவின் சுகர் மாத்திரைகள் இருக்கின்றன. டீக்கடையில் யாராவது, "பொட்டி வாங்கினியாமே சிகாமணி?" என்று சீண்டினால், "ஆமா, வாங்கினேன். ஊட்லதான் கீது. மருமவ குட்த்தது, வந்து பாரு" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். பின்சுவருக்கு மட்டும் இன்னும் இரண்டாவது கோட்டு அடித்தபாடில்லை. அத்தை திட்டும்போதெல்லாம் அவர் என்னைக் கை காட்டிவிடுகிறார்.

"இருக்கட்டும்டி. அடுத்த பொட்டிக்கு மருமவ டிசைனுக்கு எங்க போவும்?"