மோட்டார் அண்ணாத்தேயின் ராஜினாமா

தோற்பது எப்படி என்று யாராவது ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினால், அதற்குத் துணைவேந்தராக உட்காரத் தகுதியுள்ள ஆள் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரையும் நான் சந்தித்ததும் இல்லை. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எல்லார் போனிலும் அவர் 'மோட்டார் அண்ணாத்தே'தான்.

அவர் எதிலும் தோற்றவர் அல்ல. கையில் எடுத்த மோட்டாரை ஓட வைக்காமல் கீழே வைத்ததில்லை. தோற்பது அவருடைய ஃபுட்பால் டீம். அதை அவர் விடாமல் போய்ப் பார்ப்பார். ஏன் என்று எனக்கு அன்றும் புரியவில்லை. இன்றும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

நான் கோவில்பட்டிக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னைக்கு வந்து, அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கிக் குடியேறியவன். எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர் தேர்தலன்று முதுகு அரித்ததால் கையைத் தூக்கினேன். அந்தக் குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பதவியேற்ற முதல் சனிக்கிழமையே போர்வெல் மோட்டார் படுத்துவிட்டது. நாற்பது வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. யாரோ கொடுத்த நம்பருக்குப் போன் போட்டேன்.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதில் பேனா செருகுகிற இடத்தில் டெஸ்டர் செருகியிருந்தார். காக்கிச் சட்டைக்குள்ளே ஒரு ஜெர்சி எட்டிப் பார்த்தது. அதன் நிறத்தைத் துவைத்துத் துவைத்தே காலி செய்திருந்தார்கள். மோட்டாரை வெளியே இழுத்து, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பினார். மூன்றரை மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் கெளம்புறேன் சார்."

"அண்ணே, எல்லாம் பிரிச்சுக் கெடக்கே!"

"அஞ்சு மணிக்கு மேட்ச் கீது சார். முடிச்சுகினு வந்து மாட்டித் தரேன்."

"எந்த மேட்ச்?"

"ஃபுட்பாலு. நம்ம டீமு."

"நமக்கு ஃபுட்பால் டீம் இருக்கா?"

சென்னையில் கடல் இருக்கா என்று கேட்டவனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். அதற்குள் பால்கனியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஏங்க, அவரத் தனியா விட்ராதீங்க! கூடவே போயிக் கையோட கூட்டிட்டு வாங்க!"

இப்படித்தான், வாழ்நாளில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காத நான், ஒரு மோட்டார் மெக்கானிக்குக்குக் காவலாக ஸ்டேடியத்துக்குப் போனேன்.

கேலரியில் உட்கார்ந்ததும் ஒரு கொடி உயர்ந்தது. எங்கள் ஆள் அடித்த கோல் செல்லாது என்றார்கள்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஆப்சைடு."

"அப்படின்னா?"

"அது யாருக்கும் தெரியாது சார். கொடி தூக்குறானே, அவனுக்கே தெரியாது. நம்ம ஆளு கோலு போட்டா ஆப்சைடு. அவ்ளோதான்."

அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மைதானத்திடம்தான் பேசினார். அவருக்குத் தெரிந்த ஒரே மொழி மோட்டார் மொழி. நடுவில் ஆடியவனை, "இன்னாடா, கன்டென்சர் பூட்ச்சா? தள்ளி உட்டாத்தான் ஓடுவியா?" என்றார். பின்னால் தடுக்க நின்ற நாலு பேரையும், "ஃபுட் வால்வு லீக்கு! ஏத்துற தண்ணி எல்லாம் எறங்கிகினே கீது!" என்று கதறினார். கோல்கீப்பருக்கு மட்டும் பரிதாபப்பட்டார். "பாவம் சார், அவன் மட்டும் ஓவர்லோடுல ஓடிகினு கீறான்."

மூன்று கோல் வாங்கித் தோற்றோம். தோற்றோம் என்ற வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று குழம்பிக்கொண்டே வெளியே வந்தேன். அண்ணாத்தே முகம் மலர்ந்திருந்தது.

"சூப்பர் மேட்ச்சு, இல்ல சார்?"

"தோத்துட்டோமேண்ணே!"

"அது வேற, மேட்ச்சு வேற."

இரவு பத்து மணிக்கு எங்கள் மோட்டார் ஓடியது. நாற்பது வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்தது. நான் மட்டும் 'அது வேற, மேட்ச்சு வேற' என்பதற்கு அர்த்தம் என்ன என்று யோசித்தபடி பக்கெட்டை நிரம்பி வழிய விட்டேன்.

அடுத்த மேட்ச்சுக்கு நானாகவே போனேன். மோட்டார் எதுவும் பிரிந்து கிடக்கவில்லை. ஏன் போனேன் என்று மனைவி கேட்டாள். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த டீமை அவர் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அடுத்தவர் திட்டக் கூடாது. பூந்தமல்லியில் ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் மாடிக்கு அவர் புது மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தபோது நானும் உடன் இருந்தேன். கடைக்காரர் நல்லெண்ணத்தோடு, "அண்ணே, உங்க டீம் ஒரு தண்டம்ணே. அதுக்குப் பதிலா தூங்கலாம்" என்றார். அண்ணாத்தே ஸ்பேனரை எடுத்தார். முக்கால் மணி நேரம் மாட்டியதை ஐந்து நிமிடத்தில் கழற்றினார்.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"நீ கேலரில குந்தினியா? வெயில்ல காஞ்சியா? அந்தக் கக்கூஸு நாத்தத்துல க்யூல நின்னியா? நின்னவன் திட்லாம். நீ யாரு நைனா திட்டுறதுக்கு?"

கடைக்காரர் டீம் வாழ்க என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் மோட்டார் திரும்ப ஏறியது. மூன்றாவது தடவை சரியாகச் சத்தம் வரவில்லை என்று நாலாவது தடவையும் சொல்ல வைத்தார்.

போன சீசனில் டீம் ஒரே மூச்சாகத் தோற்றது. எத்தனை தோல்வி என்று எண்ணுவதை அண்ணாத்தேயே நிறுத்திவிட்டார். கடைசியாக, எதிராளி பக்கத்திலேயே இல்லாதபோது எங்கள் கேப்டன் எங்கள் வலைக்குள்ளேயே பந்தை நிதானமாக அடித்தார். அன்று அண்ணாத்தே திட்டவில்லை. வழியில் டீயும் வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார்.

"சார், ஒரு லெட்டரு அடிச்சுக் குடு. நான் ரிசைன் பண்றேன்."

"எதுலேருந்துண்ணே? கடை உங்களோடதுதானே?"

"கடை இல்ல சார். டீமு. ரசிகன் வேலைலேருந்து ரிசைன் பண்றேன். உங்க அபார்ட்மென்ட்ல மாசத்துக்கு ஒருத்தரு ரிசைன் பண்றாங்கோ. எனுக்கு மட்டும் அந்த ரூல்ஸு கெடையாதா?"

சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கக் கூடாது என்று தெரிந்தது. லேப்டாப்பைத் திறந்தேன்.

"தமிழ்ல அடிக்கவாண்ணே?"

"வேணாம் சார். இங்கிலீஷ்ல அடி. தமிழ்ல எழுதினா பாசமா பூடும்."

'சொந்தக் காரணங்களுக்காக' என்று நான் வழக்கம்போல் அடித்ததைப் படித்துக் காட்டியபோது கொதித்துவிட்டார். "இன்னா சொந்தக் காரணம்? அவனுங்கதான் காரணம்! அத்தப் போடு!" போட்டேன். பழக்க தோஷத்தில் கடைசி வரியில் இரண்டு மாத நோட்டீஸ் பீரியட் என்றும் அடித்துவிட்டேன். அது என்ன என்று கேட்டார். வேலையை விடுகிறேன் என்று சொன்ன பிறகும் இரண்டு மாதம் ஒழுங்காக வர வேண்டும் என்று விளக்கினேன்.

"லீவு போடலாமா?"

"போடக் கூடாதுண்ணே."

"அப்ப சரி. மொறையா பண்ணுவோம்."

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு டீமின் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இது எந்த டிபார்ட்மென்ட்டு?" என்றார். எங்களுக்கும் தெரியவில்லை. உள்ளே ஒரு பெண் அதை வாங்கிப் பார்த்தாள்.

"சார், டிக்கெட் ரீஃபண்ட் கேக்குறீங்களா?"

"அதெல்லாம் வேணாம்மா. என்னியத் திருப்பிக் குடுத்துடுங்கோ, போதும்."

அவள் குழம்பிப்போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்து நகலில் குத்திக் கொடுத்தாள். அண்ணாத்தே அந்த நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நோட்டீஸ் பீரியடில் அவரைப் போல் வேலை பார்த்தவரை எங்கள் கம்பெனியிலேயே நான் கண்டதில்லை. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்காருவார். திட்ட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகப் பார்ப்பார். முதல் மேட்ச் டிரா. இரண்டாவது மேட்ச்சில் ஜெயித்தோம். கேலரியே எழுந்து ஆடியது. நானும் முன்பின் தெரியாத ஒரு ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணாத்தே உட்கார்ந்தே இருந்தார்.

"அண்ணே, ஜெயிச்சுட்டோம்!"

"ஆங்... தெரியுது. இப்ப இன்னா பண்ணணும்?"

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. மூன்றாவது மேட்ச்சிலும் ஜெயித்தார்கள். அன்று திரும்பி வரும் வழியில் என் பைக்கின் பின்னால் இருந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், ஒரு மோட்டாரு ஓட மாட்டேங்குது. ஒரு பார்ட்டக் கழட்டிப் போடுறோம். உடனே ஓடுது. அப்ப ரிப்பேரு எதுல?"

"அந்தப் பார்ட்லதான்."

சொன்ன பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்று உறைத்தது. பைக்கை ஓரமாக நிறுத்தினேன். "அண்ணே, அப்படியெல்லாம் இல்லண்ணே. நீங்க கேலரில உக்காந்திருக்கீங்க. அவங்க கிரவுண்டுல ஆடுறாங்க. என்ன சம்பந்தம்?"

"இத்தினி வருசமா நான் கத்தினேன், தோத்தானுங்கோ. கத்தறத நிறுத்தினேன், ஜெயிக்கிறானுங்கோ. முப்பது வருசம் மெக்கானிக்கா கீறேன் சார். எனுக்கா தெரியாது?"

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் கண்ணைத் துடைத்தார். தூசி என்றார். பைக்கை மறுபடி கிளப்பினேன்.

அடுத்த மேட்ச்சுக்கு அவர் வரவில்லை. நோட்டீஸ் பீரியடில் முதல் லீவு. கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை. மதியம் அவர் மனைவி கூப்பிட்டார்.

"இன்னா சார் ஆச்சு இவுருக்கு? மேட்ச்சு நாளு, ஊட்லயே குந்திகினு மிக்ஸியப் பிரிச்சுப் போட்டுகினு கீறாரு. மிக்ஸி நல்லாத்தான் சார் ஓடிகினு இருந்துச்சு. எனுக்குப் பயமா கீது."

நான் தனியாகப் போனேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாரோ உட்கார வந்தபோது ஆள் வருகிறது என்று பொய் சொன்னேன். முதல் பத்து நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினோம். இடைவேளைக்குள் இன்னொன்று. எனக்குள் ஒரு கேவலமான ஆசை எழுந்தது. கடவுளே, இவர்கள் நன்றாகத் தோற்க வேண்டும். ஒரு ரசிகன் வேண்டக் கூடாத வேண்டுதல் அது. கடவுளும் மனம் இரங்கினார். மொத்தம் ஐந்து கோல். ஐந்தாவது கோல் விழுந்ததும் நான் மட்டும் கை தட்டினேன். சுற்றி இருந்தவர்கள் என்னை அடிக்கப் பார்த்தார்கள்.

வெளியே ஓடி வந்து அவர் மனைவியின் போனுக்கு அடித்தேன். "அக்கா, அண்ணன்கிட்டக் குடுங்க!"

"இன்னா சார்?" குரலில் உயிரே இல்லை.

"அண்ணே, தோத்துட்டோம். அஞ்சு கோலுண்ணே. நீங்க வரல. நீங்க கத்தல. இருந்தும் அஞ்சு."

"அஞ்சா?"

"அஞ்சு."

"மெய்யாலுமா சார்? என் தலைல அடிச்சு சொல்லு."

"உங்க தலை அங்க இருக்கேண்ணே!"

"அப்ப ரிப்பேரு நான் இல்ல!" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு, "இன்னாமே, கேட்டியா? நான் இல்லியாம்!" என்று மனைவியிடம் சொல்வது கேட்டது. அதற்கடுத்த நொடியே குரல் மாறியது. "அஞ்சு கோலா? ஒரு மேட்ச்சு நான் இல்லன்னா அஞ்சா வாங்குறது? அந்த ரைட்டுல ஆடறானே, அவன் இன்னாத்தப் புடுங்கிகினு இருந்தான்? சொல்லு சார், இன்னா பண்ணிகினு இருந்தான்?" அரை மணி நேரம் போனிலேயே டீமை வெளுத்து வாங்கினார். ஸ்டேடியத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தபடியே கேட்டேன்.

திங்கட்கிழமை மறுபடி அரை நாள் லீவு. மறுபடி அதே பெண். ராஜினாமாவைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவள் படித்துவிட்டு, இந்த முறை எதுவும் கேட்காமல் ஸ்டாம்ப் குத்தினாள். அந்த இரண்டு கடிதங்களும் எந்த ஃபைலில் இருக்கின்றனவோ, அவற்றைப் பார்த்து யார் குழம்புகிறார்களோ தெரியாது.

டீம் அந்த சீசனில் கடைசி இடத்தில் முடித்தது. இந்த சீசனிலும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆறு மாதம் முன்னால் என்னைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். மேட்ச் நாட்களில் மாலை அவரிடமிருந்து போன் வரும். ஹலோ சொல்ல மாட்டார். போனை ஆன் செய்து கேலரிப் பக்கம் தூக்கிப் பிடித்துவிடுவார். ஒரே இரைச்சல். யார் அடித்தார்கள், யார் வாங்கினார்கள், ஒன்றும் விளங்காது. எனக்கு மீட்டிங் இருக்கும், மேலதிகாரி காத்திருப்பார்; ஆனாலும் அவராக வைக்கிற வரைக்கும் நான் வைப்பதில்லை.