தெளிவடைந்தவர்கள்

சிந்தனையைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்கள் என்பார்கள். அதற்கு நேர அட்டவணை போட்ட பெருமை, இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கே உரியது. ஆன்லைன் பி.காம். மாணவர்கள் செவ்வாய்தோறும் மாலை ஆறு முதல் ஆறரை வரை 'விமர்சனபூர்வமாக' சிந்திப்பார்கள். ஒருங்கிணைப்பாளர் அடியேன்.

ஏற்பாட்டில் குறையே சொல்ல முடியாது. திங்கட்கிழமையே வாட்ஸ்அப் குழுவில் கேள்விகளையும் பதில்களையும் அனுப்பிவிடுவேன். யார் எதைக் கேட்பது என்பதும் அதிலேயே இருக்கும். முடிவில் எல்லோரும் 'நன்றி சார், தெளிவடைந்தேன்' என்று பதிவிட வேண்டும். இதற்கு இன்டர்னல் மார்க் இருபது. சிலர் வகுப்பு தொடங்கும் முன்பே தெளிவடைந்துவிடுவார்கள். அவர்களுக்கும் இருபதுதான்.

அன்றைய தலைப்பு, 'நம் ஊர் வளர்ச்சியில் பேண்டேஜ் தொழில்'. எங்கள் தாளாளருக்கு ஒரு பேண்டேஜ் கம்பெனி இருப்பது தற்செயல். அங்கே வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வெங்கடேஸ்வரிக்கு நாலாம் கேள்வி: பேண்டேஜ் எத்தனை நாடுகளுக்குப் போகிறது?

அவள் வேறொன்று கேட்டாள். "சார், எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில நிக்கோம். மாஸ்க் கேட்டா தரமாட்டேங்காவ. ஊர்க்காயத்துக்கெல்லாம் துணி அனுப்புதோம், எங்க இருமலுக்கு யாரு பதில் சொல்லுவா?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல்வர் நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஏம்மா, இது லிஸ்ட்ல எத்தனாவது கேள்வி?"

"லிஸ்ட்ல இல்ல சார். நானா யோசிச்சேன்."

"நீயா யோசிக்கதுக்கா இம்புட்டுப் பாடுபட்டு ஒரு திட்டம் வச்சிருக்கோம்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "என்ன சார் பாத்துக்கிட்டு இருக்கீய? மைக்க அணைங்க."

சிந்தனையை ஊக்குவிக்கும் பொறுப்பு என்னுடையது. அணைத்தேன். திரையில் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது; நடுவில் இருமினாள். சத்தம் வராததால் கலந்துரையாடல் கெடவில்லை.

மறுநாள் போன் செய்தாள். "சார், எனக்கு ஏன் பூஜ்யம்? இந்தப் பேப்பர் போச்சுன்னா, டிகிரி முடிச்சா தர்றதாச் சொன்ன ஆபீஸ் வேலை போச்சு. இன்னும் ஒரு வருசம் அந்தத் தூசியிலதான் கெடக்கணும்."

"நீ கலந்துரையாடல்ல பங்கேற்கலம்மா."

"நான் ஒருத்திதான சார் கேள்வி கேட்டேன்."

"அதாம்மா காரணம்."

கொஞ்ச நேரம் இருமல் மட்டும் கேட்டது. போனில் அதை அணைக்கும் வசதி எனக்கு இல்லை.

அன்று மாலை குழுவில் அவளுடைய பதிவு வந்தது: 'நன்றி சார், தெளிவடைந்தேன்.'

மற்ற அறுபத்தோரு பேரும் அதே வரியைத்தான் பதிவிட்டிருந்தார்கள். உண்மையிலேயே தெளிவடைந்து எழுதியவள் அவள் ஒருத்திதான்.