கண் எழுதாத இராயப்பர்

பாவம் செய்த நேரத்தில் நான் பெரிதாக அவமானப்பட்டதில்லை. அதை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில்தான் பட்டேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது. ராயபுரத்திலிருந்து டிராம் ஏறி ஒரு பத்திரிகை ஆபீசுக்குப் போய்ப் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். மார்த்தாவோடு கல்யாணம் நிச்சயமாகி, கோவிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலை மறுநாள். 'இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று சாமியார் கடைசியாகக் கேட்கும் ஓலை அது.

தடை சொல்ல ஓர் ஆள் தயாராக இருந்தார். மார்த்தாவின் பெரியம்மா சவரியம்மா. தாயில்லாத பெண்ணை வளர்த்தவர். தவக்காலம் நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை கவுச்சியின் வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துவது, இழுப்பு நோயோடு தினமும் காலைப் பூசை என்று, வேதத்தில் உள்ள விதிகளோடு இல்லாத சிலவற்றையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர். பெண் பார்க்கப் போன அன்றே என் முகத்துக்கு நேரே சொன்னார்: "அச்சாபீஸ்காரன் கைக்கு வந்ததெல்லாம் படிப்பான். படிக்கிறவன் மனசுல இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு குத்தம் கெடைக்கட்டும், மூணாம் ஓலைல எயுந்து நிக்கறேன்."

எனவே, குற்றமே இல்லாதவனாகிவிடுவது என்று முடிவு செய்தேன். (இருபத்து நான்கு வயதில் இதெல்லாம் நடக்கிற காரியமாகத் தோன்றும்.)

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்தில், பாவத்தின் வகையையும் எத்தனை தடவை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த வேலை. ஆபீஸ் காகிதத்தில், பத்துக் கற்பனைகளையும் தலைப்பாகப் போட்டு, பாவங்களை வரிசைப்படுத்தினேன். ('கற்பனை' என்றால் எங்கள் ஞானோபதேசத்தில் கட்டளை. மற்ற இடங்களில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ, அப்படித்தான் நானும் கடைப்பிடித்திருந்தேன்.) வெள்ளிக்கிழமை இறைச்சி, ஏழு தடவை, அதில் ஒன்று சந்தேகம். பிரசங்கத்தில் தூங்கியது, கணக்கில் அடங்காது. ஆபீசில் பொய், தினசரி. மொத்தம் முப்பது வந்தது. பட்டியலைத் திருப்பிப் படித்தேன். பிழையே இல்லை. அதில் பெருமைப்பட்டேன். பெருமை பாவம் என்பதால் முப்பத்தொன்று என்று சேர்த்தேன். சேர்த்த நேர்மையை நினைத்து மறுபடி ஒரு பெருமை வந்தது. அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோவிலுக்குப் போனேன். ஐப்பசி மாதம். கடலில் புயல் இருந்தது. நான்கு மணிக்கே ஊர் இருண்டு, துறைமுகத்துச் சங்கு விட்டுவிட்டு ஊதியது. கோவிலுக்குள் ஆள் இல்லை. மழைத்தண்ணீர் எங்கோ ஒரு தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரை மூடியிருந்தது. திரைக்குக் கீழே, அங்கியின் ஓரம் தெரிந்தது.

அந்தத் தொட்டி மூன்று அறை கொண்ட மர அலமாரி மாதிரி இருக்கும். நடுவில் சாமியார். இரண்டு பக்கமும் முழங்காலிடுபவர்கள். இடையில் துளை போட்ட பலகை. நான் இடது பக்கம் நுழைந்து முழங்காலிட்டேன். பலகைக்கு அப்பால் ஒரு தலை நிழலாகத் தெரிந்தது. ஒரு கை பாதி உயர்ந்திருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. நீளமான, கரகரத்த மூச்சு. சாமியாருக்குச் சளி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பித்தேன். வழக்கமாக இரண்டாவது பாவத்திலேயே 'ம்' என்பார். அன்று ஒன்றும் இல்லை. பத்தாவதுக்கு மேல் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. உயர்ந்த கை உயர்ந்தபடியே இருந்தது. ஒரு மனிதன் அவ்வளவு நேரம் விரலைக்கூட அசைக்காமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை. பட்டியல் முடியவில்லையே.

பத்தொன்பதாவதைச் சொன்னேன். "சவரியம்மா செத்தால் தேவலை என்று நினைத்தேன், சாமி. தினமும். அவருடைய மரண அறிவித்தலை மூன்று வரியில் மனசுக்குள் எழுதி, புரூஃபும் திருத்திவிட்டேன்."

மூச்சு நின்றது.

தகரத்தில் சொட்டும் தண்ணீரை எண்ணினேன். பதினொன்றாவது சொட்டில் மூச்சு மறுபடி வந்தது, முன்னைவிட வேகமாக. அந்த நேரம் மின்னல் வெட்டியது. பலகைத் துளைகளின் வழியே அந்த முகம் தெரிந்தது. தாடி இருந்தது. மூக்கு இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான்.

கத்தினேன் என்று எழுத ஆசை. முழங்காலாலேயே பின்வாங்கி, பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டேன். (தூணில் அந்தோணியார் இருந்தார். அவர் கையிலிருந்த பூங்கொத்து என் சட்டைப் பைக்குள் போய்விட்டதை வீட்டில்தான் பார்த்தேன்.)

அப்போது தொட்டியின் வலது பக்கத்திலிருந்து, அந்த மூச்சு பேசியது.

"சாமி, பாவியா இருக்கிற என்னிய ஆசீர்வதியும். ஒட்டுக் கேட்டுட்டேன் சாமி. எந்திரிச்சிப் போயிருக்கணும், போவலை. ருசியா இருந்துச்சி, கேட்டுகினே இருந்தேன்." கொஞ்சம் இழுப்பு. "இன்னொண்ணு. அந்த அச்சாபீஸ் பையன் டிராம்லருந்து வுழுந்து செத்தா நல்லாருக்கும்னு நானும் நெனச்சேன் சாமி. அவன் தெனமும்ங்கறான். நான் வாரத்துக்கு ரெண்டு வாட்டி."

நானும் எழுந்து போயிருக்க வேண்டும். நானும் போகவில்லை.

இரண்டாவது மின்னலுக்கு, வலது பக்கத்துத் திரை அசைந்தது. சவரியம்மா வெளியே வந்தார். அந்த முகத்தைப் பார்த்த அவரும் கத்தவில்லை. முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்தபோது, தூணோடு ஒட்டியிருந்த என்னைப் பார்த்தார். சங்கு ஊதி ஓய்ந்தது.

கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை அருளப்பன் அரிக்கேன் விளக்கோடு வந்தார். "இன்னா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்கோ? சாமி எண்ணூர் போயிக்கீறார், சாவக் கெடக்கிற ஒருத்தருக்கு அவஸ்தை எண்ணெய் பூச. நாளைக்குத்தான் வருவாரு." திரையை விலக்கிக் காட்டினார். உள்ளே, பழைய அங்கி போர்த்தி, உட்கார்ந்த கோலத்தில் இராயப்பர் சுரூபம், பேதுருவின் மரச்சிலை. "பீடத்துமேல ஒயுவுது. பெயிண்டு காயலை. அதான் இங்க குந்த வச்சேன். கண்ணு இன்னும் எயுதலை."

"காது எயுதியாச்சா?" என்றார் சவரியம்மா.

அருளப்பனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

இப்போது விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறர் பாவசங்கீர்த்தனத்தைத் தற்செயலாகக் கேட்டவரும் அதை வெளியே சொல்லக் கூடாது. சாமியாரைக் கட்டும் அதே ரகசியம் அவரையும் கட்டும். சவரியம்மாவுக்கு இது தெரியும். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது சாமியார் இல்லை, பெயிண்ட் காயாத மரம். அது பாவசங்கீர்த்தனம்தானா? இல்லையென்றால் அவர் வாயைக் கட்ட ஒரு விதியும் இல்லை. மார்த்தா எனக்குக் கிடைப்பது இந்த ஒரு சந்தேகத்தில் தொங்கியது. அன்றிரவு தூங்கவில்லை.

ஞாயிறு காலை பூசைக்கு முன் நிஜமான சாமியாரிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏழாவதிலேயே நிறுத்தி, "பின்னாடி ஆள் நிக்குது. எல்லாத்துக்கும் வருத்தம் உண்டா இல்லியா?" என்றார். உண்டு என்றேன். முடிந்துவிட்டது. முப்பத்தொன்று பாவமும் ஒரே வார்த்தையில் போனது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். பெண்கள் பக்கத்திலிருந்து அந்த நீளமான மூச்சு கேட்டது. சவரியம்மா எழுந்து நின்றார். கோவிலே திரும்பியது. மார்த்தா தலையைக் குனிந்துகொண்டாள். பீடத்தில் ஏறியிருந்த இராயப்பருக்கு அதற்குள் கண் எழுதிவிட்டிருந்தார்கள். ஒன்று கொஞ்சம் பெரிதாக, என் பக்கம் பார்த்தது.

"சாமி," என்றார் சவரியம்மா. "அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கோ. ஈரக்காத்துல எனக்கு இழுக்குது." உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. விருந்தில் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "உடம்பு எப்படி இருக்குது, அத்தே?" என்றேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"இன்னும் கீறேன், மாப்ளே."

அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், அதே கேள்வி, அதே பதில். "நானும் கீறேன், அத்தே" என்பேன் நான். வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய தமாஷ். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. விதியை முழுசாகக் கடைப்பிடித்த ஒரு மனுஷியை நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்தே ஒருவனை முப்பத்திரண்டு வருஷம் வதைத்தது எந்தக் கற்பனையில் சேரும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எண்பத்தெட்டு வயதில் தூக்கத்தில் போனார். அறிவித்தலை நான்தான் எழுதினேன். மூன்று வரி. புரூஃபையும் நானே மூன்று தடவை பார்த்தேன். மறுநாள் பத்திரிகையில் பெயர் இருந்தது, வயது இருந்தது, மார்த்தாவின் பெயரும் என் பெயரும் இருந்தன. 'காலமானார்' என்ற ஒரு சொல் மட்டும் இல்லை. அதைப் படித்துவிட்டு, பெரியம்மாவுக்கு என்ன விசேஷம் என்று இரண்டு பேர் பழத்தோடு வந்தார்கள்.

இப்போதும் வீட்டில் யாராவது ஜன்னலைச் சாத்த மறந்து ஈரக்காற்று உள்ளே வந்தால், என் பேத்தி சொல்வாள்: "தாத்தா, பெரியம்மா இன்னும் கீறாங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.