வேரில் ஒரு கட்டி, வாசலில் ஒரு குழி

பெருமதிப்பிற்குரிய சாலைத்துறை அதிகாரிக்கு இடது கடைவாய்ப் பல் வலித்தது. வலி என்றால் சும்மா வலி இல்லை. கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது, சோற்றை மெல்ல முடியவில்லை. அதற்காக அவர் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடவில்லை. முறைப்படி விடுப்புக்கு விண்ணப்பித்து, தானே பரிசீலித்து, தானே ஒருமுறை நிராகரித்து, அப்புறம்தான் மனைவியோடு கிளம்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இடுப்பளவு குழி ஒன்று இருந்தது. அவருக்கு வேண்டப்பட்ட குழிதான். மேலே இருக்கும் தார் சாலைத்துறைக்குச் சொந்தம், அடியில் ஓடும் குழாய் குழாய்த்துறைக்குச் சொந்தம், குழி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் யாரும் தொடத் தேவையில்லை என்று சுற்றறிக்கை விட்டவரே அவர்தான். யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்தில் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தான். அதிகாரி திருப்தியோடு குழியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

பல் பிரிவு டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லின் வேரில் வெள்ளையாக ஓர் உருண்டை, அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு.

"பயப்படாதீங்க சார், புற்றுநோய் மாதிரி தெரியல. வேரோட ஒட்டி வளர்ற சாதாரணக் கட்டிதான். ஆனா விட்டுவெச்சா தாடையை உப்ப வெச்சிடும். பல்லையும் கட்டியையும் சேர்த்து ஒரேயடியா எடுத்துடணும். கொஞ்சம் மிச்சம் வெச்சாலும் மறுபடி வளர்ந்துடும்."

"அப்ப எடுங்களேன்!"

"எடுக்கலாம். ஆனா எங்களுது பல் மட்டும்தான். கட்டி மாடியில."

மாடியில் கட்டிப் பிரிவு டாக்டர் கையை விரித்தார். "கட்டி எங்களுதுதான் சார், மறுக்கல. ஆனா அதோட ஒரு பல் ஒட்டிட்டு இருக்கே? பல்லைத் தொட எங்களுக்கு அதிகாரம் இல்ல. அவங்க பல்லை எடுத்துட்டு அனுப்பட்டும்."

"கட்டி விட்டாத்தானே பல் வரும்?" என்றார் கீழே டாக்டரம்மா. "முதல்ல அவங்க கட்டியை எடுத்துட்டு அனுப்பட்டும்."

அதிகாரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு டாக்டர்களையும் மாடிப்படியில் நிறுத்தி, "பல்லும் கட்டியும் ஒண்ணா குடித்தனமே நடத்துது. நீங்க ரெண்டு பேரும் ஒரு ரூம்ல நிக்கக்கூடாதா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

"எந்த மடையன் இப்படிப் பிரிச்சது?" என்று அதிகாரியும் கத்தினார்.

டாக்டரம்மா பணிவாகச் சொன்னார்: "உங்க குழி சுற்றறிக்கைதான் சார். என்ன ஒரு தெளிவு! எங்க பெரிய டாக்டர் படிச்சுட்டு அசந்துபோய் அப்படியே இங்க கொண்டுவந்துட்டார். இப்ப எல்லா ஆபீஸ்லயும் இதானே ஃபேஷன்? நீங்க அதை ரத்து பண்ணுங்க, இன்னிக்கே சேர்த்து எடுத்துடறோம்."

"பண்ணித் தொலைங்களேன்!" என்றாள் மனைவி.

அதிகாரிக்கு உள்ளூரப் பெருமையும் வலியும் ஒன்றாகப் பொங்கின. "ரத்து பண்ணினா அந்தக் குழியை நான்ல மூடணும்?" என்று சீறிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். உப்பின கன்னத்துக்கு மேல் இடது கண் சரியாகத் தெரியவில்லை. கம்பு மடக்கென்று முறிந்தது. இடுப்புவரை குழிக்குள் போய்விட்டார், செருப்புக் கால் குழாய்களுக்கு நடுவில் வசமாக மாட்டிக்கொண்டது.

மனைவி பதறிப்போய் சாலைத்துறைக்குப் போன் போட்டாள்.

"ஐயா தாருக்கு மேல எவ்வளவு இருக்காரும்மா? அதை எடுக்க உடனே ஆள் அனுப்பறோம். கீழ இருக்கறது குழாய்த்துறை."

குழாய்த்துறையும் அன்பாகத்தான் பேசியது. "அவங்க மேல்பாதியை எடுத்துட்டு அனுப்பட்டும், மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

"ஐயோ, சேர்த்தே எடுங்கப்பா!" என்று அலறினாள் மனைவி. "கொஞ்சம் மிச்சம் வெச்சாலும் மறுபடி சுற்றறிக்கை எழுதுவாரு!"

"யாராவது கை கொடுங்கய்யா!" என்று அதிகாரி கெஞ்சினார். ஜனங்கள் எப்போதும்போலக் குழியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரே ஒருவன் மட்டும் நின்றான். கம்பு முறிந்து கிடப்பதைப் பார்த்து உச்சுக்கொட்டினான். சிவப்புத் துணியை எடுத்து உதறி, அதிகாரியின் தலையில் இறுக்கிக் கட்டினான்.

"யாரும் தெரியாம வந்து விழுந்துடக்கூடாது பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவனும் சுற்றிக்கொண்டு போனான்.